துணிப் பையில் தக்காளி: மண் கலவையைத் தேர்ந்தெடுக்கும் முறை

தக்காளி பலவகை மண்ணிலும் வரக்கூடிய பயிர். நல்ல வடிகால் உள்ள செம்மண் நிலமும், உவர்ப்பில்லாத கிணற்றுத் தண்ணீரும் உள்ளவர்கள் தக்காளியைப் பையில் வளர்க்க வேண்டிய அவசியமே இல்லை. நிலத்தில் பார் பிடித்து நடுவதே அவர்களுக்கு லாபகரமானது. ஆனால் எல்லோருக்கும் அப்படிப்பட்ட நிலம் வாய்ப்பதில்லை. தொடர்ந்து தக்காளி, கத்தரி, மிளகாய் என்று ஒரே குடும்பப் பயிர்களைச் செய்து நூற்புழு மலிந்துபோன நிலம் உண்டு. மழைக்காலத்தில் தண்ணீர் நின்று வேர் அழுகும் களிநிலம் உண்டு. பூத்துப் போன உவர் நிலமும் உண்டு. வீட்டையொட்டிப் பத்து சென்ட் மட்டுமே வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இத்தகையோருக்கு மண்ணைத் தாங்களே தயார் செய்து பையில் இட்டுத் தக்காளி வளர்ப்பது ஒரு வழி.

இந்த வழியில் இறங்குவோரில் பலர் முதல் போகத்திலேயே நஷ்டப்படுகிறார்கள். விதை மேலும் மருந்தின் மேலும் பழி போடப்படுகிறது. பெரும்பாலும் குறை பைக்குள் இட்ட மண் கலவையில்தான் இருக்கிறது. நிலத்து மண்ணை அப்படியே வெட்டி அள்ளிப் பையில் போட்டால் அது நிலத்தில் இருந்ததைப் போல நடந்துகொள்ளாது. இதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் கலவையை அவரவரே தீர்மானித்துக் கொள்ளலாம்.

பைக்குள் தண்ணீர் நிற்கும் விதம்

நிலத்தில் பாய்ச்சிய தண்ணீர் கீழே உள்ள மண்ணால் இழுக்கப்பட்டு ஆழத்துக்குச் சென்றுவிடும். பையில் அடிமட்டத்துக்குக் கீழே மண் இல்லை. இழுப்பார் இல்லாததால் பையின் அடியில் சில அங்குல உயரத்துக்கு மண் எப்போதும் சொதசொதவென்றே இருக்கும். இதை ஒரு பஞ்சுத் துண்டைக் கொண்டு வீட்டிலேயே பார்க்கலாம். பாத்திரம் துலக்கும் செவ்வகப் பஞ்சை நன்றாக நனைத்து, படுக்கை வாட்டில் கையில் ஏந்திச் சொட்டு நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு அதையே நெட்டுக்குத்தாகத் திருப்பினால் மறுபடியும் தண்ணீர் சொட்டும். பஞ்சு அதேதான், உயரம் கூடியதால் நீர் கூடுதலாக வடிகிறது. ஆகவே குட்டையான அகலப் பையைவிட உயரமான பையில் வடிகால் நன்றாக இருக்கும். கலவை எவ்வளவு நயமான துகள்களால் ஆனதோ, அடியில் நிற்கும் ஈரப்பட்டையும் அவ்வளவு உயரமாக இருக்கும். களிமண்ணை நிரப்பிய பையில் இந்த ஈரப்பட்டை ஏறக்குறையப் பை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். வேருக்குக் காற்று கிடைக்காது. செடி மேலே வாடும். தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

அடியில் ஜல்லி, ஓட்டுச் சில்லு போட்டால் தண்ணீர் வடிந்துவிடும் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. மண் தொட்டியில் துவாரம் அடைபடாமல் ஒரு சில்லு வைப்பது சரி. ஆனால் ஜல்லியை ஓர் அடுக்காகப் பரப்புவதால் ஈரப்பட்டை மறைவதில்லை. ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வேருக்குள்ள இடம்தான் குறைகிறது. துணிப் பைக்கு எல்லாப் பக்கமும் துவாரம் என்பதால் ஜல்லி அறவே வேண்டியதில்லை.

துணிக்கும் பிளாஸ்டிக்குக்கும் உள்ள வேறுபாடு

பிளாஸ்டிக் தொட்டியிலும் பாலிதீன் பையிலும் வேர் சுவரைத் தொட்டதும் அதை ஒட்டியே சுற்றிச் சுற்றி வளரும். துணிப் பையில் வேரின் நுனி துணியை எட்டியதும் அங்கே காற்றுப் பட்டுக் காய்ந்துவிடுகிறது. நுனி காய்ந்த வேர் பின்னாலிருந்து பல பக்க வேர்களை விடுகிறது. எனவே பை முழுவதும் நுண்வேர்கள் நிறைந்து, கலவை வீணாகாமல் பயன்படுகிறது. துணிப் பையின் பெரிய அனுகூலம் இதுதான்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. வேருக்குக் காற்று வரும் வழியிலேயே ஈரமும் வெளியேறும். மேல்பரப்பு மட்டுமல்லாமல் பையின் சுற்றுப்புறம் முழுவதும் ஆவியாதல் நடைபெறுகிறது. கோடையில் மேல்காற்று அடிக்கும் நாட்களில் துணிப் பை பிளாஸ்டிக் தொட்டியைவிட மிக விரைவில் காய்ந்துபோகும். நீர் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த உப்புகள் துணியின் வெளிப்புறத்தில் வெள்ளைப் படலமாகப் படியும்.

ஆகவே துணிப் பைக்கான கலவைக்கு இரண்டு குணங்கள் சேர்ந்திருக்க வேண்டும். அடியில் காற்றோட்டம் குறையாத அளவுக்குப் பொலபொலப்பு வேண்டும். பக்கவாட்டு ஆவியாதலை ஈடுசெய்யும் அளவுக்கு ஈரம் பிடிக்கும் சக்தியும் வேண்டும். மணலை அதிகம் சேர்த்தால் முதல் குணம் கிடைக்கும், இரண்டாவது போய்விடும். களியும் மக்கிய எருவும் மிகுந்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும். பிளாஸ்டிக் தொட்டிக்குச் சொல்லப்படும் மணல் மிகுந்த கலவையைத் துணிப் பைக்கு அப்படியே எடுத்துக்கொள்வது சரியல்ல.

எந்த மண்?

செம்மண்ணே ஏற்றது. கையில் ஈரமாக எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர்ந்துவிடும் மணல்சாரி செம்மண் மிக நல்லது. கரிசல் மண் பைக்கு ஆகாது. அது நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சுருங்கும்போது துணியை விட்டு விலகி ஓர் இடைவெளி விழும். அதன்பின் ஊற்றும் தண்ணீர் அந்த இடைவெளி வழியாக ஓடிக் கீழே போய்விடும். நடுவில் வேர் உள்ள இடம் வறண்டே கிடக்கும். குளத்து வண்டலும் தனியாகப் பைக்கு ஏற்றதல்ல. செம்மண் கிடைக்காதவர்கள் வண்டலை ஒரு பங்கு மட்டும் சேர்த்துக் கொள்ளலாம்.

மண்ணின் குணத்தைப் போலவே அது எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு விளைந்த நிலத்திலிருந்து மண் எடுக்கக்கூடாது. வேர்முடிச்சு நூற்புழுவும், பாக்டீரியா வாடல் நோய்க்கிருமியும் அந்த மண்ணோடு கூடவே வந்துவிடும். நிலம் கெட்டுவிட்டது என்று பைக்கு வந்தவர், அதே நிலத்து மண்ணைப் பையில் நிரப்பினால் செலவுதான் மிச்சம். சோளம், கம்பு, மக்காச்சோளம் விளைந்த மானாவாரி நிலத்து மேல்மண் பாதுகாப்பானது.

சந்தேகமுள்ள மண்ணைச் சித்திரை, வைகாசி வெயிலில் பதப்படுத்தலாம். மண்ணை ஈரப்படுத்தி, அரை அடி கனத்துக்கு மிகாமல் பரப்பி, கண்ணாடி போன்ற வெள்ளைப் பாலிதீன் தாளால் மூடி, ஓரங்களை மண்ணிட்டு அடைத்து, நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். கறுப்புத் தாள் இதற்குப் பயன்படாது. ஒளி ஊடுருவும் தாளின் கீழ்தான் மண் போதிய அளவு சூடேறும். மண் உலர்ந்திருந்தாலும் பலன் குறைவு.

தென்னை நார்க்கழிவு

ஈரம் பிடிப்பதற்கும் பொலபொலப்புக்கும் நம் நாட்டில் எளிதில் கிடைப்பது தென்னை நார்க்கழிவு. தன் எடையைப் போல ஐந்து மடங்குக்குக் குறையாமல் நீரைப் பிடித்துவைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. மேல்நாட்டுப் படங்களைக் கைபேசியில் பார்த்துவிட்டுப் பீட் பாசியும் பெர்லைட்டும் தேடி அலைபவர்கள் உண்டு. தென்னந்தோப்புகள் நிறைந்த நாட்டில் அது வேண்டாத செலவு.

ஆயினும் நார்க்கழிவில் இரண்டு குறைகள் இருக்கின்றன. பையில் தக்காளி கெடுவதற்கு இவ்விரண்டுமே அடிக்கடி காரணமாகின்றன.

முதலாவது உப்பு. மட்டையில் இயல்பாகவே பொட்டாசியம், சோடியம், குளோரைடு உப்புகள் உள்ளன. உப்பங்கழி நீரில் ஊறவைத்த மட்டையாக இருந்தால் இன்னும் அதிகம். தக்காளி ஓரளவுதான் உப்பைத் தாங்கும். மண்ணின் நிறைவுற்ற சாற்றில் மின்கடத்தும் திறன் 2.5 டெசி சைமனைத் தாண்டினால் மகசூல் குறையத் தொடங்குகிறது. அதற்கு மேல் ஒவ்வோர் அலகு கூடும்போதும் சுமார் 10 சதவீத மகசூல் போய்விடுகிறது. அலசாத நார்க்கழிவைப் பையில் இட்டால் நாற்று நட்ட ஒரு வாரத்தில் இலை ஓரங்கள் கருகத் தொடங்கும்.

இரண்டாவது குறை தழைச்சத்துப் பற்றாக்குறை. புதிய நார்க்கழிவில் கரிச்சத்தும் தழைச்சத்தும் சுமார் 112-க்கு 1 என்ற விகிதத்தில் உள்ளன. இதை மட்கவைக்க வரும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைச் செடியிடமிருந்து பறித்துக்கொள்ளும். செடி வெளிறி, மஞ்சள் பாரித்து, குட்டையாக நின்றுவிடும்.

இதற்குப் பரிகாரம் மட்கவைப்பதே. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்த முறை எளிதானது. நிழலான இடத்தில் 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்துக்கு 100 கிலோ நார்க்கழிவைப் பரப்பி, அதன்மேல் சிப்பிக் காளான் வித்து ஒரு புட்டியைத் தூவ வேண்டும். அதன்மேல் இன்னொரு 100 கிலோ நார்க்கழிவைப் பரப்பி ஒரு கிலோ யூரியாவைத் தூவ வேண்டும். இப்படி மாறி மாறி ஒரு டன் வரை அடுக்கினால் ஐந்து புட்டி வித்தும் ஐந்து கிலோ யூரியாவும் செல்லும். குவியல் காயாமல் தண்ணீர் தெளித்துவர ஒன்று முதல் இரண்டு மாதத்தில் நார்க்கழிவு கறுத்து மட்கிவிடும். அப்போது கரி, தழைச்சத்து விகிதம் சுமார் 24-க்கு 1 ஆகக் குறைந்துவிடுகிறது. செலவு சொற்பம், காத்திருக்கத்தான் மனம் வேண்டும்.

கடையில் கட்டியாக விற்கப்படும் நார்த்தூளில் அலசியதும் உண்டு, அலசாததும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். வாங்குமுன் ஒரு சோதனை செய்யலாம். ஊறவைத்து உதிர்த்த நார்த்தூள் ஒரு டம்ளருக்கு ஒன்றரை டம்ளர் மழைத் தண்ணீர் விட்டுக் கலக்கி, அரைமணி கழித்து வடிகட்டி, அந்த நீரில் கையடக்க மின்கடத்துமானியை வைத்துப் பார்க்க வேண்டும். 0.5 டெசி சைமனுக்குள் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். 1-ஐத் தாண்டினால் அலசியே தீரவேண்டும். மானி இல்லாதவர்கள் வடிகட்டிய நீரை ஒரு புட்டியில் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்க்கலாம்.

அலசுவதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் உப்பு குறையாது. அப்படிப்பட்ட ஊர்களில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் நார்க்கழிவை மேட்டிலே மெல்லியதாகப் பரப்பி வைத்துவிட்டால் மழையே அலசிக் கொடுத்துவிடும். திரிக்கும் ஆலைகளின் ஓரத்தில் இரண்டு மழைக்காலம் நனைந்து கறுத்துக் கிடக்கும் பழைய குவியல் கிடைத்தால், புதிய பொன்னிறத் தூளைவிட அதுவே மேல்.

எருவும் உமிக்கரியும்

தொழு உரம் நன்றாக மட்கியிருக்க வேண்டும். சாணத்தின் வாடையோ, கைக்குச் சூடோ இருந்தால் அது பைக்கு ஆகாது. வேர் பொசுங்குவதோடு, வெள்ளைப் புழுவும் சேர்ந்து வந்து வேரைக் கடிக்கும். கோழி எருவில் உப்பும் அம்மோனியாவும் மிகுதி. ஆறு மாதம் மட்கவைக்காமல் பையில் சேர்க்கக்கூடாது. மண்புழு உரம் நல்லதுதான். ஆனால் நயமான துகள் ஆகையால் கலவையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போனால் காற்று இடைவெளிகளை அடைத்துவிடும். சத்து அதிகம் என்று பாதிக்குப் பாதி மண்புழு உரம் நிரப்புவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

மணலுக்குப் பதிலாக உமிக்கரி சேர்ப்பது சாலச் சிறந்தது. ஆற்று மணல் கிடைப்பது அரிதாகிவிட்டது. கிடைத்தாலும் கட்டும் விலையில் இல்லை. கல்லுடைக்கும் இடத்தில் கிடைக்கும் தூள் மணலில் மாவு போன்ற நொய் கலந்திருப்பதால் அது சிமெண்டு போல இறுகும். அரிசி ஆலையில் கிடைக்கும் கரிந்த உமி எடை குறைந்தது, எளிதில் நசுங்காது, துகள்களுக்கிடையே காற்றை நிறுத்தும். கறுப்பாகக் கரிந்த உமியையே எடுக்க வேண்டும். முழுக்க எரிந்து வெளுத்த சாம்பல் கார குணமுடையது. அதை அதிகம் சேர்த்தால் இரும்பு, துத்தநாகச் சத்துகள் செடிக்குக் கிட்டாமல் போகும். உமிக்கரியையும் ஒருமுறை நீரில் அலசிக்கொள்வது நல்லது.

கலவை விகிதம்

மணல்சாரி செம்மண் 2 கூடை, மட்கிய நார்க்கழிவு 2 கூடை, மட்கிய தொழு உரம் 1 கூடை, உமிக்கரி 1 கூடை. பெரும்பாலான சிறு விவசாயிகளுக்கு இது பொருந்தும். எடையில் அல்ல, கொள்ளளவில். ஒரே கூடையால் அளக்க வேண்டும். செம்மண் சற்றுக் களிப்பாக இருந்தால் மண்ணை 1 கூடையாகக் குறைத்து உமிக்கரியை 2 ஆக்கலாம். மண் வெறும் மணலாக இருந்தால் உமிக்கரியை விட்டுவிட்டுத் தொழு உரத்தை 2 கூடையாக்கலாம். மாடியில் வைப்பவர்கள் பாரத்தை எண்ணி மண்ணையே தவிர்த்து, நார்க்கழிவு 3, எரு 2, உமிக்கரி 1 என்று கலக்கலாம். ஆனால் மண்ணில்லாக் கலவைக்குச் சத்துகளைத் தவறாமல் நீரில் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் செடி காட்டிக்கொடுத்துவிடும். மண் கலந்த கலவை இந்த விஷயத்தில் பொறுமையானது. வெளிவேலைக்கும் போய்வரும் குடும்பங்களுக்கு மண் கலந்ததே ஏற்றது.

25 லிட்டர் கொள்ளும் பை ஒன்றுக்கு வேப்பம் பிண்ணாக்குத் தூள் 100 கிராம், ஜிப்சம் 50 கிராம் சேர்க்கலாம். தொழு உரத்தில் 100 கிலோவுக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, நிழலில் ஈரமாக இரண்டு வாரம் கோணியால் மூடிவைத்துப் பிறகு பயன்படுத்தினால் வேரழுகல் நோய் குறையும்.

ஆறு கூடை கலந்தால் ஆறு கூடைக் கலவை வராது. பெரிய துகள்களின் சந்தில் சிறிய துகள்கள் புகுந்துகொள்வதால் அளவு குறையும். தண்ணீர் ஊற்றியதும் இன்னும் அமுங்கும். ஆகவே ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தயார் செய்ய வேண்டும்.

டப்பா சோதனை

எந்த விகிதத்தில் கலந்தாலும் மூட்டை மூட்டையாக நிரப்பும் முன் ஒரு டப்பாவில் சோதித்துவிட வேண்டும். ஒரு லிட்டர் கொள்ளும் பால் பவுடர் டப்பா போதும். அடியில் ஐந்தாறு துவாரமிட்டு, வெளிப்புறம் ஒட்டுத்தாளால் அடைக்கவேண்டும். ஈரமான கலவையை நிரப்பி இரண்டு தட்டுத் தட்டவேண்டும். பிறகு ஓரமாக மெதுவாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே வந்து, மேல்பரப்பு பளபளக்கும் நிலையில் நிறுத்தி, அரைமணி ஊறவிட வேண்டும். நீர் இறங்கியிருந்தால் மறுபடி பளபளக்கும்வரை விடலாம். அதன்பின் டப்பாவை ஒரு கிண்ணத்தின்மேல் தூக்கிவைத்து அடைப்பை எடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கிண்ணத்தில் வடிந்த நீரை அளக்க வேண்டும். அந்த நீர் விட்டுச்சென்ற இடமே வேருக்குக் காற்றிருக்கும் இடம்.

வடிந்த நீர் 100 மில்லிக்குக் குறைவாக இருந்தால் கலவை இறுக்கம். உமிக்கரி கூட்ட வேண்டும். 100 முதல் 200 மில்லி வரை இருந்தால் துணிப் பைக்கு ஏற்ற கலவை. 250 மில்லிக்கு மேல் வடிந்தால் கோடையில் நாளுக்கு இருமுறை நீர் ஊற்றினாலும் ஈரம் நிற்காது. நார்க்கழிவைக் கூட்ட வேண்டும். பை டப்பாவைவிட உயரமானது என்பதால் அதில் காற்று இன்னும் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும்.

அதே கலவையில் ஒரு சட்டி நிரப்பி இருபது முள்ளங்கி விதைகளை விதைத்துப் பார்ப்பதும் அவசியம். ஐந்தாறு நாளில் பதினாறுக்குக் குறைவாக முளைத்தாலோ, பிடுங்கிப் பார்க்கும்போது வேர் நுனி பழுத்துக் கறுத்திருந்தாலோ, கலவையில் உப்போ மட்காத எருவோ இருக்கிறது. இரண்டு ரூபாய் விதை ஒரு போகத்தைக் காப்பாற்றும்.

பையின் அளவு

கொடித் தக்காளிக்கும் வீரிய ஒட்டு ரகங்களுக்கும் செடிக்கு 25 லிட்டருக்குக் குறையாத கலவை வேண்டும். குட்டை ரகங்களுக்கு 15 முதல் 20 லிட்டர் போதும். ஒரு பைக்கு ஒரே செடி. பை வாங்கும்போது அங்குலக் கணக்கில் ஏமாந்துவிடக்கூடாது. வட்டத்தின் குறுக்களவு 15 அங்குலமும் உயரம் 15 அங்குலமும் உள்ள பை 43 லிட்டர் கொள்ளும். மடித்துத் தட்டையாக வைத்து அளந்த அகலம் 15 அங்குலம் என்றால், அந்தப் பை விரிந்தால் குறுக்களவு ஒன்பதரை அங்குலம்தான். 18 லிட்டருக்கு மேல் கொள்ளாது. எழுதியிருக்கும் எண் ஒன்றே. விரித்து வட்டமாக நிறுத்தி அளந்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

சணல் சாக்கு ஒரு போகத்தில் இற்றுவிடும். சிமெண்டு சாக்கு வெயிலில் செதில் செதிலாக உதிர்ந்து மண்ணோடு கலந்துவிடும். உள்ளே ஒட்டிய சிமெண்டும் காரத்தன்மை உடையது. வெயில் தாங்கும் கனமான துணிப் பை விலை கூடுதலாயினும் பல போகத்துக்கு வரும்.

ஐநூறு பை வைக்க என்ன தேவை?

25 லிட்டர் வீதம் 500 பைக்கு 12,500 லிட்டர் கலவை. அமுங்குவதையும் சேர்த்தால் 15,000 லிட்டர், அதாவது 15 கன மீட்டர். மேலே சொன்ன விகிதப்படி செம்மண் 5 கன மீட்டர் (100 கன அடி யூனிட் கணக்கில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் யூனிட்), நார்க்கழிவு 5 கன மீட்டர், தொழு உரம் இரண்டரை, உமிக்கரி இரண்டரை. நார்க்கழிவைக் கட்டியாக வாங்கினால் 5 கிலோக் கட்டிகள் 70 வேண்டியிருக்கும். இவற்றின் விலை, வண்டிக் கூலி, ஆள் கூலி, பை விலை எல்லாவற்றையும் கூட்டி 500-ஆல் வகுத்து, மூன்று போகத்துக்குப் பங்கிட்டால் ஒரு செடிக்கு ஆகும் முதலீடு தெரியும். நல்ல பராமரிப்பில் ஒரு செடியில் 3 முதல் 5 கிலோ எதிர்பார்க்கலாம். கணக்கைக் கிலோ 100 ரூபாய் தாண்டிய 2023 ஜூலை மாத விலையை வைத்துப் போடக்கூடாது. உள்ளூர்ச் சந்தையில் மூன்று ஆண்டுகளில் கிடைத்த குறைந்த விலையை வைத்துப் போட்டு, அப்போதும் கை கடிக்காது என்றால் மட்டும் 500 பை வைக்கலாம். முதல் முறை செய்பவர்கள் 30 பையோடு தொடங்குவதே நல்லது.

நிரப்பியபின் கவனிக்க வேண்டியவை

கலவையை ஈரமாக்கியே நிரப்ப வேண்டும். காய்ந்த நார்க்கழிவு எளிதில் தண்ணீரை ஏற்காது. பையின் மேல் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு நிரப்பி, நீர் ஊற்றி ஒரு வாரம் ஆறவிட்டுப் பிறகு 25 நாள் நாற்றை முதல் இலைக்காம்பு வரை புதைத்து நடலாம். தண்டிலிருந்தும் வேர்விட்டுச் செடி உறுதியாக நிற்கும்.

நூற்புழு உள்ள நிலத்தின்மேல் பையை நேரடியாக வைத்தால் அடித்துணி வழியே வேர் நிலத்துக்குள் இறங்கிவிடும். செங்கல்லின் மேலோ, சரிவாக விரித்த பாலிதீன் தாளின் மேலோ வைக்க வேண்டும். பைகளை நெருக்கமாக வரிசையில் வைத்தால் ஒன்றுக்கொன்று நிழலாகும். மேற்குப் பார்த்த ஓரப் பைகளுக்கு ஒரு பழங்கோணியைச் சாற்றிவிட்டால் மாலை வெயிலில் வேர் வேகாது. மேலே வைக்கோல் மூடாக்கு அவசியம்.

காய்க்கும் பருவத்தில் வெயில் நாளில் ஒரு செடிக்கு 2 முதல் 4 லிட்டர் தண்ணீர் செல்லும். ஒரே வேளையில் கொட்டுவதைவிடக் காலை, மாலை பிரித்துக் கொடுப்பது நல்லது. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் காயின் அடிமுனை கறுத்துத் தோல் போல ஆகிவிடும். பலர் இதை நோய் என்றெண்ணிப் பூசணக்கொல்லி தெளிக்கிறார்கள். இது காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததால் வருவது. நார்க்கழிவில் பொட்டாசியமும் சோடியமும் மிகுந்திருந்தால் அவையும் சுண்ணாம்புச்சத்தைத் தடுக்கும். ஜிப்சம் சேர்க்கச் சொல்வது இதற்காகவே. கறுத்த காயைப் பறித்து எறிந்துவிட்டுத் தண்ணீரைச் சீராக்கினால் அடுத்த கொத்து நல்லபடியாக வரும். இலைமேல் தெளிக்கும் சுண்ணாம்புச்சத்து மருந்துகளால் கறுத்த காய் தேறாது.

துணியின் வெளிப்புறம் வெள்ளை பூத்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று பொருள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நல்ல தண்ணீரை அடியில் தாராளமாக வடியும்வரை ஊற்றிக் கழுவிவிட வேண்டும்.

போகம் முடிந்ததும் செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்க வேண்டும். வேரில் முடிச்சுகள் இருந்தால் அந்தப் பையின் கலவையை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே கொட்டி, வெயிலில் தாள் போர்த்திப் பதப்படுத்தாமல் திரும்பப் பயன்படுத்தக்கூடாது. வேர் சுத்தமாக இருந்தால் கலவையைக் கொட்டிக் கிளறி, குறைந்த அளவுக்கு மட்கிய எருவும் உமிக்கரியும் சேர்த்து, அடுத்ததாகக் கீரையோ பீன்ஸோ போடலாம். அதற்கடுத்த போகம் மீண்டும் தக்காளி வைக்கலாம். ஆனால் நிரப்புமுன் மறுபடியும் டப்பா சோதனை செய்ய வேண்டும். நார்க்கழிவு ஆண்டுக்கு ஆண்டு நைந்து நொய்யாகும். முதல் ஆண்டு 150 மில்லி வடிந்த கலவை மூன்றாம் ஆண்டு 80 மில்லிகூட வடியாமல் போகக்கூடும்.